பிழைதிருத்தம்

எங்கள் இதழுக்கு அலுவலகம் கிடையாது.
முருகேஷ்பாளையத்தில் லூர்துவின் மொட்டைமாடி,
துணி காயும் கொடிக்குக் கீழே
ஒரு பிங்பாங் மேசை.
வலைக்கு அந்தப் பக்கம் படங்கள்,
இந்தப் பக்கம் எழுத்து.
நஸ்ரீன் பக்கம் கட்டுவாள், இரவு பதினொன்றுக்கு மேல்;
பகலெல்லாம் அவள் ஏதோ ஒரு வங்கியின் செயலிக்குச் சொந்தம்.
நான் மெய்ப்புப் பார்ப்பேன்.
சந்தாதாரர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
பணம் கட்டியவர்கள் எத்தனை என்று கேட்காதீர்கள்.

'பெங்களூர்ல, தமிழ்ல, பழைய விமானத்துக்கு ஒரு பத்திரிகையா?'
அச்சகத்தில் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்,
முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு.

பதினாறாம் இதழின் அட்டை:
அறுபத்தெட்டு, பழைய விமான நிலையத்தின் ஒரு கொட்டகை,
மூக்கு கழற்றிய பயிற்சி விமானம்.
முன்னால் நான்கு பேர்.
மூவருக்குப் பெயர் கண்டுபிடித்தோம்,
எட்டு மாதம் ஆனது, இரண்டு நட்பு போனது.
கையில் தூக்குடன்
சட்டத்துக்குப் பாதி வெளியே நிற்கும் நான்காமவருக்கு
'அடையாளம் தெரியவில்லை.'

இதழ் போன ஒன்பதாம் நாள் தொலைபேசி.
"அந்தத் தூக்கு என்னுது."

பேனாவைத் தேடினேன். உங்கள் பெயர்?
"பேரு கெடக்கட்டும் மேடம். விமான நம்பர் தப்பு.
நானூத்திப் பதினொண்ணு இல்ல. பதினேழு."

ஞாயிறன்று அல்சூரிலிருந்து பஸ் மாறி வந்தார்.
பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை,
அதற்குள் ஒரு நீள நோட்டு.
கொட்டகைக்கு டீ கொடுத்தவர்.
ஷிப்டு மாறும், ஆள் மாறும்,
கடன் சொன்னவன் மாற்றலாகி ஜோத்பூர் போய்விடுவான்.
விமானம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.
ஆகவே விமானத்தின் பேரில் எழுதினார் கணக்கை.

417. டீ ஆறு, பன் இரண்டு.
417. டீ ஒன்பது. மழை.
417. என்ஜின் வந்தது. போட்ட டீயை யாரும் குடிக்கவில்லை.

இப்படியே ஜூலை முழுக்க.
பிறகு ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே:
பறந்துவிட்டது. பாக்கி ரூ. 11.40.

நாங்கள் நம்பிய பதிவேட்டில்
ஏழின் தலைமேல் அரசு முத்திரை விழுந்து
அது ஒன்றாகியிருந்தது.
லூர்து பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.
'டீக்கடன் நோட்டு ஓர் ஆதாரமா?
ஒரு சீல் கூட இல்லையே' என்றார் பொருளாளர் செபஸ்தியான்.
நஸ்ரீன் திரையிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:
'பதினோரு ரூபா வரவேண்டியவர்
நம்பரை மாத்தி எழுதமாட்டார் சார்.'

இத்தனை வருடத்தில் நான் மெய்ப்புப் பார்த்ததில்
எனக்கு மிகப் பிடித்த அடிக்குறிப்பு:
காண்க, தேநீர்க் கடன் ஏடு, 1968, தாள் 31.

செபஸ்தியான் மனமிளகி
நிதியிலிருந்து அந்தப் பதினொன்று நாற்பதை நீட்டினார்,
ரசீதுப் புத்தகத்தோடு.
அவர் வாங்கவில்லை.
"நீங்க யாரு குடுக்க?
வாங்கினது அது."

பதினேழாம் இதழை உறையிலிட்ட சனிக்கிழமை
பசைக்கு எறும்பு வந்தது,
முகவரிச் சீட்டில் பதினெட்டு குறைந்தது.
தலைக்கு மேல் ஏதோ ஒன்று இரைந்து ஏறிப்போனது.
எண்ணிக்கை தப்பிவிடும் என்று
ஒருவரும் நிமிரவில்லை.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி.
"பக்கம் இருபத்தி மூணு. நம்பர் கரெக்டு.
எத்திராஜுலு-ல ஒரு 'த்' விட்டுட்டீங்க."

அடுத்த இதழில் திருத்திவிடுகிறோம் ஐயா,
தயவுசெய்து மன்னிக்க
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
அந்தப் பக்கம் தாள் புரண்டது.
பேனா மூடி திறந்தது.

"ஒரு 'த்' பாக்கி," என்றார் நிதானமாக.
"யார் பேர்ல எழுதட்டும்?"